பருப்பு வேகாத உயரத்தில் இருபது நாள்

கேள்வி: நானும் கணவரும் கலிபோர்னியாவில், சான்ஹோசேயில் இருக்கிறோம். வரும் ஆகஸ்டில் ஜான் மியூர் மலைப்பாதையை யோசெமிட்டியில் தொடங்கி விட்னி மலை வரை 20 நாளில் நடக்க அனுமதிச் சீட்டு கிடைத்திருக்கிறது. இருவரும் சைவம், முட்டையும் கிடையாது. என் எடை 62 கிலோ, அவர் 78. போன வருடம் நான்கு நாள் நடை ஒன்றுக்குப் போனபோது மூன்றாம் நாள் மதியம் எனக்குக் கை நடுங்கி, காரணமே இல்லாமல் அழுகை வந்துவிட்டது. காலை ஆறு மணிக்கு ஓட்ஸ் சாப்பிட்டது. இரண்டு மணிக்கு நின்று சமைத்துக்கொள்ளலாம் என்று இருந்தோம். என் உடம்புக்கு இதெல்லாம் ஒத்துவராதா? இந்த முறை அரிசி, துவரம்பருப்பு, இரண்டு லிட்டர் குக்கர், எம்.டி.ஆர். பாக்கெட் 40 என்று பட்டியல் போட்டிருக்கிறேன். ஜூனில் அம்மா மதுரையிலிருந்து வருகிறார். முறுக்கும் பொரிவிளங்காய் உருண்டையும் கொண்டுவருகிறேன் என்கிறார். ஒருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்? எதை எடுத்துப்போவது, எதை விடுவது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த அழுகையைப் பேசி முடித்துவிடுவோம். கடிதத்தைப் படித்தவரை அது உடம்புக் கோளாறாகத் தெரியவில்லை. வெறும் பசி. ஒரு கிண்ணம் ஓட்ஸ், தாராளமாகப் போட்டாலும் 300 கலோரி. அதற்கப்புறம் இரண்டு மணி வரை, முதுகில் பன்னிரண்டு பதின்மூன்று கிலோவோடு மலையேற்றம். மணிக்கு 350 கலோரியாவது போயிருக்கும். தசையிலும் கல்லீரலிலும் இருந்த கையிருப்பு முதல் இரண்டு நாள் ஈடுகொடுத்தது, மூன்றாம் நாள் கைவிரித்துவிட்டது. மூளைக்குப் போகும் சர்க்கரை குறைந்தால் கை நடுங்கும், எரிச்சல் வரும், அழுகையும் வரும். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்கிறார்களே, அந்தப் பத்தில் முயற்சியும் ஒன்று. சர்க்கரை நோய், தைராய்டு என்று ஏதாவது இருந்தால் மட்டும் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் பட்டியலில் நான் முதலில் அடிப்பது மதியச் சமையலைத்தான்.

அடுத்தது, பட்டியலை நீங்கள் அடுப்படியிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். இந்தப் பாதையில் அதைக் கரடி டப்பாவிலிருந்து தொடங்க வேண்டும். யோசெமிட்டியின் காட்டுப்பகுதி முழுக்கவும், தெற்கே இன்னும் பல இடங்களிலும், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் கரடி திறக்க முடியாத டப்பாவுக்குள்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். சாப்பாடு மட்டும் இல்லை, பற்பசை, உதட்டுக்குப் பூசுவது, வெயிலுக்குப் பூசுவது, சாப்பிட்டுப் போட்ட காகிதக் குப்பை வரை வாசனை உள்ள எல்லாமே உள்ளே போகணும். நிறையப் பேர் வைத்திருக்கும் பேர்வால்ட் 500 என்ற டப்பாவின் கொள்ளளவு 11.5 லிட்டர், வெறும் டப்பாவே 1.16 கிலோ. குளியலறையில் இருக்கும் சின்ன பக்கெட்டை ஒருமுறை பாருங்கள். கிட்டத்தட்ட அவ்வளவுதான் உங்கள் அரிசிப்பானை, அஞ்சறைப்பெட்டி, தின்பண்ட அலமாரி, குப்பைக்கூடை எல்லாம். உலர்ந்த சாமான்களை அமுக்கி அடைத்தால் ஒரு லிட்டர் இடத்தில் அரைக்கிலோ, கெட்டிக்காரத்தனமாக அடைத்தால் 550 கிராம் பிடிக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

இப்போது பாதையைப் பாருங்கள். யோசெமிட்டியில் பாதை தொடங்கும் ஹேப்பி ஐல்ஸிலிருந்து விட்னி உச்சி வரை சுமார் 340 கிலோமீட்டர், அங்கிருந்து சாலை வந்து முடியும் விட்னி போர்ட்டலுக்கு இறங்க இன்னும் 17. வழியில் சரக்கு நிரப்ப ரெட்ஸ் மெடோ இருக்கிறது, சுமார் 95 கிலோமீட்டரில். உங்கள் வேகத்தில் ஆறு நாள். அதற்கு முன்பே டுவாலமி மெடோஸில் ஒரு கடை உண்டு, ஆனால் இரண்டாம் மூன்றாம் நாளே அங்கே போய்விடுவீர்கள் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ரெட்ஸ் மெடோவிலிருந்து ஐந்து நாளில் மியூர் டிரெயில் ராஞ்ச்; நாம் தபாலில் அனுப்பிவைத்த சாமானை அங்கே வாங்கிக்கொள்ளலாம். அங்கிருந்து கடைசி வரை, சுமார் 180 கிலோமீட்டருக்குப் பாதையோரம் ஒரு பெட்டிக்கடைகூடக் கிடையாது. நீங்கள் அதற்கு ஒன்பது நாள் வைத்திருக்கிறீர்கள்.

சிக்கல் அந்த ஒன்பது நாளில்தான். உங்களுக்கு நாளொன்றுக்கு 670 கிராம் என்று வைக்கிறேன் (எப்படி வந்தது என்று கீழே சொல்கிறேன்), கணவருக்கு 850. முதல் நாள் சாப்பாடு பகலிலேயே வயிற்றுக்குள் போய்விடும், டப்பாவில் இடம் கேட்காது. மிச்சம் எட்டு நாள்: உங்களுக்கு 5.4 கிலோ. திணித்து மூடினால் மூடிவிடலாம். அவருக்கு 6.8 கிலோ. அது 11.5 லிட்டருக்குள் போகவே போகாது, மூடிமேல் உட்கார்ந்தாலும் போகாது. இதை வீட்டிலேயே தெரிந்துகொள்வது நல்லது. ராஞ்சின் வாசலில், தபாலில் அனுப்பிய சாமான் வாளியைப் பிரித்துப் போட்டுவிட்டு, எதை விடுவது என்று புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடும் காட்சியை நான் பார்த்திருக்கிறேன். நல்ல காட்சி இல்லை.

வழி இரண்டு. ஒன்று, அவருக்கு இன்னும் பெரிய டப்பாவாக வாடகைக்கு எடுப்பது. இரண்டாவது, ராஞ்சிலிருந்து கிளம்பிய ஆறாம் நாளோ ஏழாம் நாளோ கியர்சார்ஜ் கணவாய் வழியாகக் கிழக்கே ஆனியன் வேலி என்ற சாலைமுனைக்கு இறங்கி, இண்டிபெண்டன்ஸ் ஊரில் ஒரு ராத்திரி தங்கி, சரக்கு நிரப்பிக்கொண்டு திரும்புவது. கணவாய் சுமார் 3,580 மீட்டர் உயரம். போக வர ஒன்றரை நாள் கூடுதல். இருபது நாள் இருபத்திரண்டாகும். அனுமதிச் சீட்டோடு இப்படி வெளியே போய்த் திரும்புவதற்கு என்ன விதி என்று சீட்டு கொடுத்த அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஆறு நாள் சுமையோடு மியூர் கணவாயும் மேதர் கணவாயும் ஏறுவது வேறு, ஒன்பது நாள் சுமையோடு ஏறுவது வேறு. நடுவில் ஒரு குளியலும் கிடைக்கும்.

சரி, குக்கருக்கு வருவோம். தண்ணீர் கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும். நீங்கள் ராத்திரி தங்கப்போகும் 3,000 மீட்டர் சுற்றுவட்டாரத்தில் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். பார்க்கத் தளதளவென்று இருக்கும், துவரம்பருப்பு மட்டும் மணிக்கணக்கில் கல்லாகவே கிடக்கும். இமயமலைப் பக்கம் குக்கர் எடுத்துப்போவது இதனால்தான், ஆனால் அங்கே அதைச் சுமப்பது கோவேறு கழுதை. இங்கே சுமக்கப்போவது நீங்கள். குக்கரின் எடை ஒரு கிலோவுக்கு மேல், அதில் பருப்பு வேகும்வரை எரியும் கேஸ் தனி. ஆகவே மலையில் எதையும் வேகவைக்கக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் மட்டும் போடலாம். வேகவேண்டியதெல்லாம் சான்ஹோசேயிலேயே வெந்துவிட வேண்டும். அந்த 40 பாக்கெட்டுக்கும் இதே கதைதான். ஒவ்வொன்றும் 300 கிராம், அதில் பெரும்பகுதி தண்ணீர். ஓடையோரமாக நடந்துகொண்டே ஊரிலிருந்து தண்ணீர் சுமந்துபோவானேன்? இரண்டே இரண்டு மட்டும் முதல் ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். (இன்னொன்று: இந்தப் பாதையில் நடப்பவர்கள் எம்.டி.ஆர். என்று சொன்னால் அது மியூர் டிரெயில் ராஞ்ச். "எங்கள் சாப்பாடெல்லாம் எம்.டி.ஆரில்தான் இருக்கிறது" என்று நீங்கள் சொன்னால் எதிரே வருபவர் வேறு எதையோ புரிந்துகொள்வார்.)

இப்போது 670 கிராம் கணக்கு. நாள் முழுக்க நடக்கும்போது உங்களுக்கு 3,200, 3,300 கலோரி செலவாகும். அத்தனையையும் சுமந்துபோய்த் தின்ன வேண்டும் என்பதில்லை. 2,900 உள்ளே போனால் போதும். இருபது நாளில் ஒரு கிலோ இளைப்பீர்கள், அதனால் பாதகமில்லை. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. அரிசி, அவல், ரவை எல்லாம் கிராமுக்கு மூன்றரை. வேர்க்கடலையும் முந்திரியும் பாதாமும் ஐந்தரைக்கு மேல். கொப்பரை ஆறரை. நெய் கிட்டத்தட்ட ஒன்பது. ஒட்டுமொத்தமாகக் கிராமுக்கு 4.4 வரும்படி கலந்தால் 670 கிராமில் 2,900 அடங்கிவிடும். வீட்டில் உங்களிடம் நெய்யைக் குறைக்கச் சொல்லும் அதே ஆள்தான் இங்கே நெய்யை ஊற்றச் சொல்கிறேன்.

ஒரு நாள் எப்படி இருக்கும் என்றால்: காலையில் 60 கிராம் வறுத்து அரைத்த சத்துமாவு, 30 கிராம் கொழுப்பு நீக்காத பால்பவுடர், 20 கிராம் நாட்டுச்சர்க்கரை. வெந்நீரை ஊற்றிக் கலக்கிக் குடித்துவிட்டு, டென்ட்டை மடித்துக்கொண்டு கிளம்பவேண்டியதுதான். ஓட்ஸ் பிடிக்குமென்றால் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதிலும் பால்பவுடரும் ஒரு கை பாதாமும் போகட்டும். இது 450 கலோரிதான். வயிறு நிறைந்த மாதிரி இருந்தாலும் நம்பாதீர்கள், ஒன்றரை மணி நேரம் தாங்கும்.

அடுத்து வருவதுதான் முக்கியமான சாப்பாடு. அதை நொறுக்குத்தீனி என்று சொல்லிச் சொல்லியே நாம் அதற்கு மரியாதை இல்லாமல் ஆக்கிவிட்டோம். உங்கள் நாளின் கலோரியில் ஐந்தில் இரண்டு பங்கு நடந்துகொண்டே தின்பதிலிருந்து வர வேண்டும். கடலை மிட்டாய் 60 கிராம், வேர்க்கடலை முந்திரி பாதாம் கலந்து 70, பேரீச்சை 40, முறுக்கோ தட்டையோ 60. மொத்தம் 230 கிராம், 1,100 கலோரிக்கு மேல். காலையில் கிளம்பும் முன் இதை எடுத்து இடுப்புவார்ப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முதுகுப்பைக்குள் வைத்தால் இறக்கி எடுக்கச் சோம்பல்பட்டுத் தின்னாமலே போவீர்கள்; எல்லாரும் அப்படித்தான். மணிக்கொரு தரம் கைக்கடிகாரம் ஒலி எழுப்பட்டும். ஒலித்தால் பசித்தாலும் பசிக்காவிட்டாலும் ஒரு கை எடுத்து வாயில் போட வேண்டும். போன வருடம் இதை மட்டும் செய்திருந்தால் அந்த மூன்றாம் நாள் வந்திருக்காது.

கடலை மிட்டாய் ஏன் என்று கேட்டால், எடை போட்டுப் பாருங்கள். இங்கே கடையில் கிடைக்கும் எனர்ஜி பார் ஒன்று 68 கிராம், 250 கலோரி இருக்கும். அதே எடைக்குக் கடலை மிட்டாய் 340. விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். என் முதல் நெடுநடைக்கு ஒரே ருசியில் முப்பது பார் வாங்கிப் போனேன். ஐந்தாம் நாள் அதன் உறை கசங்கும் சத்தம் கேட்டாலே குமட்டியது. ஆகவே எதுவாக இருந்தாலும் ஒரே பண்டத்தைத் தொடர்ந்து மூன்று நாளைக்கு மேல் வைக்காதீர்கள்.

மதியம் அடுப்பே வேண்டாம். கெட்டி அவல் 80 கிராமை ஒரு மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பியில் போட்டு, பதினொன்றரை மணிக்கு ஓடையில் வடிகட்டியிலிருந்து குளிர்ந்த நீரை அவல் மூழ்கும் வரை ஊற்றி மூடிவிடுங்கள். அது பையிலேயே ஊறிக்கொண்டு வரும். பன்னிரண்டேகாலுக்கு உட்காரும்போது பூப்போல இருக்கும். புளியோதரைப் பொடி ஒன்றரை ஸ்பூன், நல்லெண்ணெய் ஒரு ஸ்பூன் தாராளமாக, ஒரு கை வறுத்த கடலை. கிளறினால் முடிந்தது, 500 கலோரிக்குக் குறையாது. குசேலர் முடிந்துகொண்டு போனதும் அவல்தான். வழிநடைக்கு அதைவிடச் சுலபமான தானியம் இன்னும் வரவில்லை. ஒருநாள் புளி, ஒருநாள் எலுமிச்சைப் பொடி, ஒருநாள் பருப்புப்பொடியும் நெய்யும், ஒருநாள் இங்கே எல்லாரும் செய்வதுபோல் டார்ட்டில்லா ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெய் தடவிச் சுருட்டி. மெல்லிய அவல் வேண்டாம், குழைந்துவிடும், டப்பாவில் இடமும் அடைக்கும். பொரியை நினைக்கவே வேண்டாம்.

ராத்திரிக்குத்தான் சோறு. சாம்பார் சாதத்தைக் குழைய வடித்து உலர்த்தி எடுத்துப்போகலாம், அதற்கு ஒரு டீஹைட்ரேட்டர் வேண்டும். இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு. துவரம்பருப்பைவிட அது நன்றாக ஊறும், வயிற்றுக்கும் லேசு. கேரட், பீன்ஸைப் பொடிப்பொடியாக நறுக்குங்கள். பெரிய துண்டு உள்ளே ஈரத்தை வைத்துக்கொள்ளும். புளி, சாம்பார்பொடி, உப்பு, பெருங்காயம் எல்லாம் வழக்கம்போல். எண்ணெய் மட்டும் ஒரு சொட்டுகூடக் கூடாது, உலர்ந்தபின் அதுதான் முதலில் சிக்கெடுக்கும். தட்டில் காகிதம் விரித்து மெல்லப் பரப்பி 60 டிகிரியில் எட்டு முதல் பத்து மணி நேரம். நடுவில் ஒருமுறை உதிர்த்துப் புரட்டிவிடுங்கள். தட்டை ஆட்டினால் சல்லிக்கல் மாதிரிச் சத்தம் வர வேண்டும். எங்காவது ஒரு கட்டியை நசுக்கினால் மெத்தென்று இருந்தால் இன்னும் இரண்டு மணி நேரம். அந்த ஒரு கட்டி போதும், வாளிக்குள் மூன்று வாரத்தில் பூஞ்சை பிடிக்க.

மலையில் இதில் 120 கிராமும் சோயா குருணை 20 கிராமும் பாத்திரத்தில் போட்டு, கொதிக்கும் நீர் முந்நூறு மில்லி ஊற்றி, மூடி, பாத்திரத்தைக் குளிர்சட்டையில் சுற்றி இருபது நிமிடம் வையுங்கள். திறந்து 20 கிராம் நெய் விட்டால் 680 கலோரி. நமக்குப் பழகிய வாசனையோடு வரும். சோயாவைச் சேர்க்கச் சொல்வது புரதத்துக்காக. 62 கிலோவுக்கு நாளைக்கு 75 கிராமாவது வேண்டும், கடலையும் பாலும் பருப்பும் சோயாவும் சேர்ந்து 80 கொடுத்துவிடும். கொண்டைக்கடலை, ராஜ்மா ஆசை இருந்தால் இந்த இருபது நாள் அடக்கிக்கொள்ளுங்கள். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், வயிற்றுக்குள் இருக்கும் வாயு விரியும். டென்ட் சின்னது.

பாத்திரம் கழுவிய தண்ணீரை ஓடையில் கொட்டாதீர்கள். கொஞ்சம் வெந்நீர் விட்டு அலசி, ரசம் என்று நினைத்துக் குடித்துவிடுங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பழக்கமானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

அம்மாவின் சாமான்கள். பொரிவிளங்காய் உருண்டையைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப்போகலாம். வறுத்த பயறும் அரிசியும் வெல்லமும், ஈரமே இல்லை, மாதக்கணக்கில் நிற்கும், இடமும் அடைக்காது. ராத்திரி படுக்கும்முன் 40 கிராம் தின்றால் உடம்புச் சூட்டுக்கு உதவும். குளிரில் பாதித் தூக்கத்தில் எழுவதற்கு வெறும் வயிறும் ஒரு காரணம். ஆனால் வீட்டிலேயே சுத்தியலால் உடைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதிகாலைக் குளிரில் முழு உருண்டையைக் கடித்துப் பல்லைப் பெயர்த்துக்கொண்டால் பக்கத்துப் பல் மருத்துவர் மூன்று நாள் நடையில் இருப்பார். முறுக்கும் நல்லதுதான், முழுதாக அடுக்கினால்தான் டப்பாவில் பாதி காற்று. கையால் நொறுக்கிப் பையில் போட்டால் அதைவிடக் குறைந்த இடத்தில் உட்காரும். தின்பதற்கு ஒரு ஸ்பூன். தேங்காய் சேர்த்த பலகாரம் மட்டும் வேண்டாம், வாளியில் வாரக்கணக்கில் கிடந்தால் காறிவிடும். ஜூனில் வந்ததை ஜூலைவரை ஃப்ரீசரில் வையுங்கள். அரிசி, கொண்டைக்கடலை, கறிவேப்பிலை எதையும் அம்மா பெட்டியில் போட வேண்டாம், விமான நிலையச் சோதனையில் போய்விடும். அதெல்லாம் உங்கள் ஊர் இந்தியக் கடையிலேயே இருக்கிறது. கொண்டுவரும் பலகாரத்தையும் மறைக்காமல் சோதனையில் சொல்லிவிடச் சொல்லுங்கள்.

ராஞ்சுக்குச் சாமானை அட்டைப்பெட்டியில் அனுப்ப முடியாது. மூடியுள்ள ஐந்து காலன் பிளாஸ்டிக் வாளிதான், எலிக்குப் பயந்து. மூன்று வாரத்துக்கு முன்னாலேயே தபாலில் போட்டுவிடுங்கள், கட்டணத்தையும் கடைசித் தேதியையும் அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டு. கேஸ் குப்பியை அதில் வைத்து அனுப்பாதீர்கள்.

உயரத்தில் இன்னொரு வேடிக்கை நடக்கும். பசி அடங்கிவிடும். 3,000 மீட்டருக்கு மேல் நிறையப் பேருக்கு அப்படி ஆகும். சிலருக்கு இனிப்பு முதலில் வெறுத்துப்போகும், கடைசிவரை இறங்குவது புளிப்பும் உப்பும் காரமும். இங்கே நடப்பவர்கள் இதற்காக உப்பு பிஸ்கட்டும் சீஸும் தேடி அலைவார்கள். உங்களிடம் நார்த்தங்காய் ஊறுகாய் இருக்கிறது, எண்ணெய் இல்லாமல் காய்ந்தது. நாளுக்கு இரண்டு துண்டு, மோர்மிளகாய் ஒன்று. சோறே வேண்டாம் என்று தோன்றும் ராத்திரிகளில் முதலில் அந்தத் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, அப்புறம் பாத்திரத்தைத் திறங்கள். உப்புக்கு வேறு காரணமும் உண்டு. வியர்த்துக் கொட்டிவிட்டு வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். அதிலும் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். தாகத்துக்குக் குடியுங்கள், போட்டிக்குக் குடிக்காதீர்கள். வெயில் காய்ந்த ஏற்றத்தில் ஒரு பாக்கெட் உப்பு சர்க்கரைக் கரைசல் போட்டுக்கொள்ளலாம்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சாப்பிட்டு அரைமணியில் சரியாகிற நடுக்கம் பசி. சாப்பிட்டும் ஓய்வெடுத்தும் போகாத தலைவலி, அதோடு வாந்தி, நேராக நடக்க முடியாமல் தள்ளாட்டம் என்றால் அது உயரத்தின் வேலை. அதற்கு எந்தப் பொடியும் மருந்தாகாது, கீழே இறங்குவதுதான் மருந்து. ராத்திரி என்றாலும் காத்திருக்க வேண்டாம்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை, அடிபட்டவன் என்ற முறையில். ரெட்ஸ் மெடோவிலிருந்து தெற்கே நடந்தபோது நல்லெண்ணெயைக் கடையில் வாங்கிய அதே புட்டியில் கொண்டுபோனேன். உயரத்தில் வெளி அழுத்தம் குறைந்து, புட்டிக்குள் இருந்த காற்று மூடியைப் பிதுக்கி, எண்ணெய் மெதுவாகக் கசிந்து டப்பா முழுக்கப் பரவிவிட்டது. பேரீச்சையில் நல்லெண்ணெய், பால்பவுடரில் நல்லெண்ணெய், பல்துலக்கும் பிரஷ்ஷிலும் நல்லெண்ணெய். மிச்ச நாள் முழுவதும் தீபாவளிக் காலை வாசனையோடுதான் பல் தேய்த்தேன். திருகுமூடி உள்ள கெட்டியான சின்னக் குப்பியில், முக்கால் மட்டும் நிரப்பி, மூடும்போது பக்கத்தை லேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றி, அதையும் ஜிப்லாக் பையில் போடுங்கள். நெய்க்கும் அப்படியே, மதிய வெயிலில் உருகும், காலையில் கல்லாகும்.

பெருங்காயத்தை வாசனைக்குப் பயந்து விட வேண்டியதில்லை, உள்ளே இரட்டைப் பை போடுங்கள், அவ்வளவுதான். இங்கே இருப்பது கருங்கரடி. அதற்கு ஆள்மேல் அக்கறை இல்லை, உங்கள் முந்திரிமேல்தான். ராத்திரி டப்பாவை டென்ட்டிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி, சரிவோ தண்ணீரோ இல்லாத சமதரையில் வையுங்கள். திறக்க முடியாமல் உருட்டி விளையாடிவிட்டு ஏரியில் தள்ளிவிட்டால் உங்கள் ஆறு நாள் சாப்பாடு மிதக்கும். டப்பாவை அடுக்கும்போது கடைசி நாள் அடியில், நாளைய நாள் மேலே. ஒவ்வொரு நாளையும் ஒரு பையாகக் கட்டி, மேலே நாளையும் எடையையும் எழுதிவிட்டால், நான்காம் நாள் ஒன்பதாம் நாளின் கடலை மிட்டாயில் கை வைக்க மாட்டீர்கள். அப்படி யாராவது வைத்தால் பெரும்பாலும் அது 78 கிலோ உள்ளவராகத்தான் இருக்கும்.

அவரைப் பற்றித்தான் கடைசியாக. முதல் வாரம் அவருக்கு 850 கிராம் அதிகமென்று தோன்றும், மிச்சம் வைப்பார். அதைப் பார்த்துவிட்டு அடுத்த வாளியைக் குறைத்து அனுப்பத் தோன்றும், குறைக்காதீர்கள். பத்து நாளைக்குமேல் நடப்பவர்களுக்கு ஒரு பசி வரும், கண்ணில் படுவதையெல்லாம் தின்னச் சொல்லும் பசி. அது மூன்றாவது துண்டில்தான் வரும், அதுவும் 4,009 மீட்டர் உள்ள ஃபாரெஸ்டர் கணவாய்க்கு முந்தைய ராத்திரியில். ஆகவே முதல் துண்டுக்கு நாளைக்கு 50 கிராம் குறைத்து, ஆனியன் வேலிக்கு அப்புறம் வரும் மூன்று நான்கு நாளுக்கு இருவருக்குமே 100 கிராம் கூட்டுங்கள், பெரும்பாலும் முந்திரியும் கொப்பரையும் நெய்யுமாக.

ஜூலையில் ஒரு சனி ஞாயிறு, டாஹோ பக்கம் எங்காவது, இரண்டு நாள் பையைத் தராசில் நிறுத்துக் கட்டி எடுத்துப்போய் இதை மட்டுமே சாப்பிட்டுப் பாருங்கள். எது திரும்பி வந்தது, எது பத்தவில்லை என்று எழுதிவையுங்கள். திரும்பி வந்த பண்டத்தை, எவ்வளவு சத்தானது என்று நான் சொல்லியிருந்தாலும், பட்டியலிலிருந்து தூக்கிவிடுங்கள். அப்புறம் அம்மாவுக்குப் போன் போட்டு, முறுக்கில் இந்தமுறை உப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும், மிளகையும் ஒன்றிரண்டாகத் தட்டிப் போடச் சொல்லுங்கள்.